மூன்றாவது மிதி

1

ஊரில் யார் கார் வாங்கினாலும் நாம் கேட்கும் முதல் கேள்வி, "லிட்டருக்கு எத்தற குடுக்கும்?" என்பதுதான். நிறம், விலை, யார் பெயரில் எடுத்தது என்பதெல்லாம் அப்புறம். இந்த ஏப்ரலோடு நான் அயர்லாந்துக்கு வந்து ஏழு வருடம். இங்கே ஒருவர்கூட என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. ஆனாலும் போன மாதம் ஒரு வாரம் முழுக்க அதே கேள்வியோடுதான் எழுந்தேன், அதே கேள்வியோடுதான் படுத்தேன்.

என் மனைவி ஷீபா நர்ஸ். விசா அவளுக்குக் கிடைத்தது. நான் அதன் கூடவே வந்தவன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவனுக்கு இங்கே ஒரு ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவும் வேலை. நடந்து போகிற தூரம்தான். எங்களுக்கு ஒரே மகள், பெனிட்டா. பதினேழு வயது.

அந்தத் திங்கட்கிழமை இரண்டு தாள்கள் வீட்டுக்கு வந்தன. முதல் தாள் வாகனச் சோதனை மையத்தில் என் கையில் கொடுத்தது. எங்கள் பழைய காரின் அடிப்பாகத்தைத் துரு தின்றுவிட்டது, இனி ரோட்டில் எடுக்கக் கூடாது என்று அதில் இருந்தது. ஒரு மணி நேரம் அந்தத் தாளை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். தப்பாகப் படித்திருப்பேனோ என்று ஒரு நம்பிக்கை. தப்பாகப் படிக்கவில்லை.

இரண்டாவது தாள் ஷீபாவுக்கு வந்தது. நகரத்து மருத்துவமனையில், சிறுநீரகக் கோளாறுக்காரர்களுக்கு ரத்தம் சுத்திகரிக்கிற பிரிவில் வேலை. பகல் மட்டும், வாரம் நான்கு நாள். சம்மதமா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

இப்போது அவள் எங்கள் ஊரிலுள்ள முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்க்கிறாள். ஆறு வருடமாக ஆட்களைத் தூக்கித் தூக்கி இடுப்பு போய்விட்டது. குளியலறையிலிருந்து வெளியே வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வருவாள். நான் பார்த்தால் கையை எடுத்துவிடுவாள். புது வேலை இங்கிருந்து நாற்பத்தாறு கிலோமீட்டர். காலை ஏழரைக்கு அங்கே நிற்க வேண்டும். முதல் பஸ் போய்ச் சேரவே எட்டு இருபது ஆகும்.

ஆக, கார் இருந்தால் வேலை. இல்லாவிட்டால் வேலை இல்லை. நான்கு நாள் இருக்கிறது. காரைத் தேர்ந்தெடுக்கிற பொறுப்பு என்னிடம். ஏனென்றால் வீட்டில் வண்டி ஓட்டிச் சம்பாதித்த ஒரே ஆள் நான்.

அது சரியான காரணமா என்று பிறகு சொல்கிறேன்.

2

சின்ன கார் போதும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எங்கள் கையிருப்புக்குள் மூன்று இருந்தன. ஒன்று சாதாரண பெட்ரோல் கார். ஒன்று கொஞ்சம் வயதான டீசல் கார். மூன்றாவது ஹைபிரிட்: பெட்ரோல் எஞ்சினோடு மின்சார மோட்டாரும் சேர்ந்து ஓட்டுவது. மூன்றையும் ஒரு கார்ன்ஃப்ளேக்ஸ் அட்டைப்பெட்டியைக் கிழித்து அதன் உள்பக்கத்தில் எழுதினேன். பெட்ரோலுக்கு 5.8. டீசலுக்கு 4.6. ஹைபிரிடுக்கு 4.3.

"பெட்ரோல்தான் நல்லது" என்றேன். "அஞ்சே முக்கால் குடுக்குது. மத்தது ரெண்டும் மோசம்."

பெனிட்டா அட்டையைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அப்பா, இது குடுக்கறது இல்ல. குடிக்கறது. நூறு கிலோமீட்டர் போக எத்தன லிட்டர் வேணும்னு. சின்ன நம்பர்தான் நல்லது."

"ஒரு லிட்டருக்கு அஞ்சே முக்கால்னா லாரிகூட கூடுதலா குடுக்குமே?"

"அப்பிடின்னா நீங்க லாரிய விட மோசமான காரத்தான் செலக்ட் பண்ணினீங்க."

சிரிப்பதற்காகத்தான் சொன்னாள். ஆனால் அவள் அங்கே இல்லாமல் நான் மட்டும் போய்க் கையெழுத்துப் போட்டிருந்தால்? இந்த நாட்டில் கணக்குகூடத் தலைகீழாக நிற்கிறது. ஊரில் பெரிய எண் நல்லது. இங்கே சின்ன எண் நல்லது. இப்படி இன்னும் எத்தனை விஷயங்களை ஏழு வருடமாகத் தலைகீழாகவே புரிந்து வைத்திருக்கிறேனோ.

நூறை 4.3ஆல் வகுத்துப் பார்த்தேன். லிட்டருக்கு இருபத்து மூன்று. அப்போதுதான் அது காராக என் கண்ணுக்குத் தெரிந்தது. தினமும் போக வர தொண்ணூற்றிரண்டு கிலோமீட்டர், நான்கு லிட்டருக்குள் முடிந்துவிடும். ஹைபிரிடின் விலைதான் கூடுதல். நாலு வருடத்துக்கு மேல் ஓட்டினால்தான் அந்தக் கூடுதல் பணம் எண்ணெய்ச் செலவில் திரும்பும். நாலு வருடம் இங்கே இருப்போமா? பெனிட்டா அடுத்த வருடம் டப்ளினுக்குப் படிக்கப் போகிறாள். அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேர் மட்டும் இந்த மழையில் எதற்கு?

"அப்பா, ஓவரா யோசிக்கறீங்க. ஏதாவது ஒண்ண வாங்குங்க" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனாள். இப்போதெல்லாம் அவள் பேச்சு அந்த அறைவாசலில் முடிந்துவிடும்.

3

செவ்வாய்க்கிழமை ஷீபாவும் நானும் பஸ் பிடித்து ஹைபிரிடைப் பார்க்கப் போனோம். விற்பவர் பெயர் பிரையன். நல்ல மனிதர். எதைக் கேட்டாலும் 'கிராண்ட்' என்பார். நமக்குக் கிராண்ட் என்றால் கல்யாண மண்டபம் ஞாபகம் வரும். இங்கே அதற்கு, பரவாயில்லை, கவலைப்படாதே என்று அர்த்தம். நம் பக்கத்துச் 'சாரமில்ல'தான் அது.

அவருடைய கடை மேட்டில் இருக்கிறது. அங்கிருந்து ரோடு வளைந்து வளைந்து கீழே படகுத்துறைக்கு இறங்கும். இரண்டு பக்கமும் கல்லடுக்கிய சுவர், அதற்கப்பால் ஆடுகள். நான் ஓட்டினேன். பிரையன் என் பக்கத்தில், ஷீபா பின்னால். சமதளத்தில் பிரமாதமாகப் போயிற்று. இறக்கம் தொடங்கியதும் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன்.

எஞ்சின் நின்றுவிட்டது.

அதிர்வுகூட இல்லை. டயர் ஈரத்தில் உரசுவது மட்டும் கேட்டது. வண்டி இறங்கிக்கொண்டே இருந்தது.

இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தேன். கை தானாக ஹேண்ட்பிரேக்கைத் தேடியது. அங்கே லிவர் இல்லை, ஒரு பொத்தான்தான் இருந்தது. வண்டி நடுரோட்டில் முக்கி நின்றது. பிரையனின் தலை முன்னால் போய் வந்தது. எங்கள் பின்னால் ஒரு டிராக்டரும் நின்றது. அந்த ஆள் ஹார்ன் அடிக்கவில்லை. ஸ்டியரிங்மேல் கையை மடக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். அடித்திருந்தால் தேவலை.

"இதில் ஏதோ கோளாறு" என்றேன் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

பிரையன் விளக்கினார். கோளாறு இல்லை. இறக்கத்தில் எஞ்சினுக்கு வேலை இல்லை, அதனால் வண்டியே அதை நிறுத்திவிடும், அதனால்தான் எண்ணெய் மிச்சம் என்றார். கடைசியில், "நீங்கள் கிராண்டா?" என்று கேட்டார்.

"கிராண்ட்" என்றேன். முதுகு நனைந்திருந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது ஷீபாவிடம் காரணங்கள் சொன்னேன். பேட்டரி எட்டு வருடத்தில் போய்விடுமாம். பின்னால் சாமான் வைக்க இடம் போதாது. விலையும் கூடுதல். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"உங்களுக்குக் கை எதுக்கு இப்படி வெறைக்குது?"

"குளிரு" என்றேன்.

4

சொந்த ஊரான குலசேகரத்தில் இருபது வயதில் நான் ஜீப் ஓட்டினேன். ஒரு ரப்பர் வியாபாரியின் ஜீப். மலைமேலுள்ள எஸ்டேட்டுகளிலிருந்து காய்ந்த ரப்பர் ஷீட்டைக் கட்டுக்கட்டாக ஏற்றிக் கீழே கடைக்குக் கொண்டுவர வேண்டும். என்னோடு தங்கராஜ். கட்டு ஏற்ற இறக்க அவன், ஓட்ட நான். ஒரே வயது, ஒரே வகுப்பில் தோற்றவர்கள்.

முதலாளி வாரத்துக்கு இத்தனை லிட்டர் டீசல் என்று அளந்து கொடுப்பார். அதற்குள் ஓட்ட மலை டிரைவர்கள் எல்லோருக்கும் ஒரு வழி தெரியும். ஏற்றம் முடிந்து இறக்கம் தொடங்குகிற இடத்தில் எஞ்சினை அணைத்து, கியரையும் எடுத்துவிட்டு, வண்டியைச் சும்மா உருள விடுவது. மேலேயிருந்து பாலம்வரை ஒரு சொட்டு டீசல் செலவில்லாமல் வருபவன்தான் எங்களுக்குள் நல்ல டிரைவர். சாயாக்கடையில் அதைப் பற்றித்தான் வாயடி நடக்கும். அன்று பெருமையாக இருந்தது.

எங்களில் யாருக்கும் தெரியாத ஒன்று: அந்த ஜீப்பில் எஞ்சின் ஓடினால்தான் பிரேக்குக்குப் பலம். அணைத்த பிறகு, இருக்கிற பலத்தில் இரண்டு தடவை மிதிக்கலாம். முதல் மிதி நன்றாகப் பிடிக்கும். இரண்டாவது கொஞ்சம் பிடிக்கும். மூன்றாவது மிதி கல்லை மிதிப்பது போல இருக்கும். எங்கள் இறக்கத்தில் எப்போதும் இரண்டு மிதிதான் வேண்டியிருந்தது. அன்று மழை. ஷீட்டும் கூடுதல். மூன்றாவது மிதி வேண்டிவந்தது.

ஹேண்ட்பிரேக்கைத் தூக்கினேன். கயிறு எப்போதோ அறுந்துபோன லிவர் லேசாக என் கையோடு வந்தது. சானல் என்று நாங்கள் சொல்லும் வாய்க்காலின் கரையில் இடது பக்கமாகப் போய் மோதினோம். எனக்கு ஒரு கீறல். தங்கராஜின் இடது முட்டு நொறுங்கிவிட்டது. இன்றுவரை அந்தக் கால் மடங்காது.

எல்லோரிடமும் "பிரேக் புடிக்கல்ல" என்று சொன்னேன். அது பொய் இல்லை. சாவியைத் திருப்பியதை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. முதலாளியிடமும் சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு ஷீபாவிடமும் சொல்லவில்லை.

அதன்பின் நான் இறக்கத்தில் எஞ்சினை அணைத்தது கிடையாது. ஆனால் கியரை எடுத்துவிடுகிற பழக்கம் கையில் ஒட்டிக்கொண்டது. இங்கே முதல் தடவை லைசென்ஸ் தேர்வில் தோற்றது அதனால்தான். ஒரு சின்ன இறக்கத்தில் என் கை எனக்குத் தெரியாமல் கியரை எடுத்துவிட்டது. தேர்வாளர் தாளில் ஒரு கோடு போட்டார். ஷீபா முதல் தடவையிலேயே பாஸ். அவளுக்கு மலைப்பழக்கம் ஒன்றும் கிடையாதே.

இப்போது சொல்லுங்கள், வண்டி ஓட்டிச் சம்பாதித்தவன் என்பது காரைத் தேர்ந்தெடுக்கத் தகுதியா?

5

புதன்கிழமை மத்தியானம் தங்கராஜைக் கூப்பிட்டேன். அவன் இப்போது குலசேகரத்தில் வண்டிச் சாமான் கடை வைத்திருக்கிறான். ஸ்டூலில் உட்கார்ந்து, இடது காலை ஒரு பெட்டிமேல் நீட்டி வைத்திருப்பான். நான் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தேன்.

"என்ன மக்கா, வண்டி எடுத்தியா?"

"இல்லடே. மூணு பாத்தேன். ஒண்ணு ஹைபிரிட்."

"லிட்டருக்கு எத்தற குடுக்கும்?"

"இருபத்திமூணு சொல்லுதான்."

"பின்ன என்னடே விசாரம்? எடுத்துப் போடு. எனக்க மச்சான் அதத்தான் வச்சிருக்கான். பெட்ரோல் பங்குல உள்ளவன் அவனுக்க மொகத்தயே மறந்து போனான்."

"எறக்கத்துல எஞ்சின் நின்னு போவுதுடே."

கடையில் யாரோ போல்ட் கேட்பது கேட்டது. தங்கராஜ் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தான்.

"நின்னா?"

"சத்தமே இல்ல. நம்ம ஜீப்பு மாதிரி."

அவன் சிரித்தான். "ஏலே, எனக்க காலு மடங்காமக் கெடக்கு. நான் பைக்குல போவுதேன், பஸ்ஸுல தொங்குதேன். நீ ரெண்டு காலும் முழுசா வச்சிக்கிட்டு பேடிச்சுக் கெடக்குத."

சீவுவதை நிறுத்தினேன். "தங்கராசே, ஒண்ணு சொல்லணும். அன்னைக்குத் தாக்கோல திருப்பி எஞ்சின அணைச்சது நான். பிரேக் மேல பழியப் போட்டேன். இன்னைக்கு வரைக்கும் ஒருத்தருக்கிட்டயும் பறஞ்சதில்ல."

"நீயா?"

"ஆமா."

"லேய், அது எனக்க கை. நீ ரெண்டு கையும் ஸ்டியரிங்குல வச்சிட்டு இருந்த. 'எஞ்சின அணைக்கட்டா'ன்னு நான்தான் கேட்டேன். ஒனக்கு ஓர்ம இல்லியா?"

எனக்கு அப்படி ஒரு ஓர்மை இல்லை. சாவியின் குளிர்ச்சி என் விரலில் இருந்ததுதான் எனக்குத் தெரியும். இருபத்தெட்டு வருடமாக அதை என் கை என்று நான் வைத்திருக்கிறேன். தன் கை என்று அவன் வைத்திருந்திருக்கிறான். ஒருவருக்கொருவர் கேட்டதில்லை.

"சவத்த விடு மக்கா" என்றான். "யாருக்க கைன்னு இனி விசாரணையா வைக்க முடியும்? அது நம்ம அணைச்சது. இது வண்டியே அணைக்குது, கேட்டியா? பிரேக்கு இல்லாம அணைக்கதுக்கு அத உண்டாக்கினவன் நம்மளப் போல மண்டனா?"

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். சமையலறை வாசலில் பெனிட்டா நின்றாள். பள்ளியிலிருந்து எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. அவள் பின்னால், தூக்கம் கலைந்த முகத்தோடு ஷீபா.

"பேட்டரி, எடம் பத்தாதுன்னு எல்லாம் சொன்னீங்களே" என்றாள் பெனிட்டா. "நான் உங்கள கஞ்சன்னு நெனச்சிட்டு இருந்தேன்."

ஷீபா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். நோயாளியிடம் கேட்கிற குரலில்தான் கேட்டாள். "அந்த ஜீப்புல எத்தன தடவ மிதிச்சிய?"

"மூணு. மூணாவது புடிக்கல்ல."

பெனிட்டா தன் அறைக்குப் போகவில்லை. சமையலறை மேசையிலேயே உட்கார்ந்து போனில் நெடுநேரம் படித்தாள். பிறகு எனக்குச் சொன்னாள். இந்த மாதிரிக் காரில் பிரேக்குக்கு எஞ்சின் வேண்டாமாம். அதற்குத் தனியாக மின்சாரத்தில் பலம் கொடுக்கிற ஏற்பாடு இருக்கிறதாம். ஆங்கிலத்தில் இருந்ததை ஒவ்வொரு வரியாகத் தமிழாக்கிச் சொன்னாள். வார்த்தை கிடைக்காத இடத்தில் கையால் காட்டினாள்.

எனக்குப் புரிந்தது. கால்தான் நம்பவில்லை.

6

வியாழக்கிழமை ஷீபா பிரையனுக்குப் போன் செய்தாள். தான் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றாள். இந்தத் தடவை நான் அவள் பக்கத்தில். பிரையன் முழங்காலை மடக்கிப் பின் இருக்கையில்.

மேட்டில் வண்டியை நிறுத்தி, பின்னால் யாரும் வரவில்லை என்று பார்த்தாள். "இஞ்ச பாருங்க" என்றாள் என்னிடம். "நீங்க ஒண்ணும் செய்யாண்டாம். எண்ணிக்கிட்டு மட்டும் இருங்க."

இறக்கம் தொடங்கியது. எஞ்சின் நின்றது. அதே சத்தமின்மை. என் வலது கால் எதிரே இருந்த வெறும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்தில் பிரேக் கிடையாது என்று எனக்குத் தெரியும்.

அவள் மிதித்தாள். வண்டி நின்றது.

"ஒண்ணு" என்றேன். குரல் வரவில்லை. அவள் காத்திருந்தாள். மறுபடியும், கேட்கும்படி, "ஒண்ணு" என்றேன்.

காலை எடுத்தாள். உருண்டது. மிதித்தாள். நின்றது.

"ரெண்டு."

காலை எடுத்தாள். இந்தத் தடவை கொஞ்சம் கூடுதலாக உருளவிட்டாள். வளைவு வந்தது. கல்சுவர் வந்தது. ஒரு ஆடு தலையைத் தூக்கிப் பார்த்தது. நான் கதவின் கைப்பிடியைப் பிடித்திருந்தேன். அவள் மிதித்தாள்.

நின்றது.

நான் எண்ணவில்லை. பின்னாலிருந்து பிரையன் மெதுவாக, எல்லாம் கிராண்டா என்று கேட்டார். ஷீபா அவருக்குப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தாள்.

"போதுமா? நாலாவது வேணுமா?"

"வேணும்" என்றேன்.

நான்காவதும் பிடித்தது. ஐந்தாவதை அவளாகவே செய்து காட்டினாள். அப்படியே படகுத்துறைவரை இறங்கினோம். கீழே வந்து சமதளத்தில் அவள் ஆக்ஸிலேட்டரை மிதித்தபோதுதான் எஞ்சின் மறுபடி முனகியது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சம்மதம் என்று மின்னஞ்சல் அனுப்பினாள். அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டினாள். நான் படித்துப் பார்க்கவில்லை, படித்த மாதிரி தலையாட்டினேன்.

7

கார் வீட்டுக்கு வந்த அன்று ஊரிலிருந்து அம்மா வீடியோவில் ஜெபம் பண்ணினாள். நான்கு சக்கரத்தையும் ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னாள். பிறகு, "பிரேக்கக் காட்டு மக்களே" என்றாள். குனிந்து காட்டினேன். அதற்குத்தான் ஜெபம் நீளமாக இருந்தது.

இப்போது ஷீபா காலை ஆறரைக்குக் கிளம்புகிறாள். பழைய கார் கிளம்பினால் தெருமுனைவரை சத்தம் கேட்கும். முனையில் கியர் மாற்றுவது, பிறகு ஏற்றத்தில் இரைவது எல்லாம் கேட்டு, இதோ இப்போது பெரிய ரோட்டில் ஏறியிருப்பாள் என்று படுக்கையிலேயே தெரிந்துகொள்வேன். இந்தக் கார் சத்தமில்லாமல் கிளம்பிப் போய்விடுகிறது. போனாளா என்று தெரிய எழுந்து ஜன்னலுக்குப் போக வேண்டும். கார் நின்ற இடத்தில் மட்டும் தரை காய்ந்திருக்கும்.

முதல் வாரம் அவளிடம் சொன்னேன். "மைலேஜ் சரியா இருக்கான்னு பாக்கணும். அங்க போய்ச் சேந்ததும் மீட்டர்ல காட்டுத நம்பர ஒரு படம் எடுத்து அனுப்பு."

"தெனமுமா?"

"தெனமும்."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி" என்றாள்.

ஏழு இருபதுக்குப் படம் வரும். 4.4. சில நாள் 4.2. தங்கராஜ் ஞாயிற்றுக்கிழமை தோறும் கேட்கிறான், "எத்தற குடுக்குது?" என்று. வகுத்துச் சொல்கிறேன். அவனுக்குத் திருப்தி.

போன செவ்வாய்க்கிழமை கடுமையான மழை, காற்று. ஏழு இருபது ஆயிற்று, படம் வரவில்லை. ஏழு முப்பதுக்கும் வரவில்லை. போன் பண்ணினால் ஓட்டுகிறவளின் கவனம் கலையும், பண்ணாவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. பெனிட்டா பள்ளிக்குக் கிளம்பி வந்தவள், என் கையிலிருந்த போனைப் பார்த்துவிட்டு, பையைக் கழற்றாமலேயே என் எதிரே உட்கார்ந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகவில்லையா என்று கேட்டேன். அடுத்த பஸ் இருக்கு என்றாள்.

ஏழு முப்பத்தொன்பதுக்குப் படம் வந்தது. 5.1. கீழே ஷீபா ஒரு வார்த்தை எழுதியிருந்தாள்: எதிர்க்காற்று.

"ரொம்ப மோசம்" என்றாள் பெனிட்டா, எண்ணைப் பார்த்து.

"ஆமா" என்றேன். "ரொம்பக் குடிச்சிருக்கு."

அவள் பஸ்ஸுக்கு ஓடினாள். நான் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்கு நடந்தேன்.